வதனியின் ஃபோல்டர்கள்

போன கிழமை எங்கள் அலுவலகத்தில் எல்லாருடைய மேசைகளையும் இடம் மாற்றினார்கள். அந்த அமளியில் என் மவுஸ் எங்கோ போய்விட்டது. அது போனது எனக்குத் தெரியவே இல்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான் பக்கத்து மேசைக்கு வந்திருந்த புதிய பெண் என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மவுஸ் இல்லாமல் எப்படி இவ்வளவு நேரமும் வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். நான் அப்போது நிரல் எழுதுகிற எடிட்டரின் இடது பக்கத்தில் விரிந்திருக்கும் கோப்புப் பட்டியலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு விசை கீழே இறக்கும். ஒன்று மேலே ஏற்றும். ஒன்று ஃபோல்டருக்குள் கொண்டுபோகும். கழித்தல் குறியைத் தட்டினால் உள்ளே இருந்த ஃபோல்டரை விட்டு வெளியே வந்துவிடலாம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. செய்து காட்டினேன். அவள் 'நைஸ்' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான்தான் என் வேலைக்குத் திரும்பவில்லை. கழித்தல் குறியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபோல்டராக வெளியே வந்து, இனி வெளியே வர இடமில்லை என்கிற இடத்தில் வந்து நின்றேன். வதனியை நினைத்து இப்படி நிற்பது இது முதல் தடவை இல்லை. அலுவலகத்தில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

வதனியும் நானும் வேலை செய்த இடம் லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருந்து பிரிகிற ஒரு தெருவில், சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது. கீழே ரோல்ஸ் பொரித்தால் மேலே எங்கள் கோட்டு, தலைமயிர், கீபோர்ட் எல்லாம் ரோல்ஸ் மணக்கும். வீட்டுக்குப் போக ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். சிலர் வெறுப்பில், சிலர் பசியில். நான் அந்தக் காலத்தில் என்னை ஒரு பெரிய கம்ப்யூட்டர் நிபுணியாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்கள் வேலை தமிழ்க் கடைகளுக்கு பில் அடிக்கிற மென்பொருளைப் பார்த்துக்கொள்வது. கத்தரிக்காய் ரசீதில் இரண்டு தரம் விழுகிறது என்று ஒரு கடைக்காரர் கத்துவார். அதைத் திருத்தினால், இப்போது ஒரு தரமும் விழவில்லை என்று கத்துவார்.

பாஸ் சுவிஸில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். நாங்கள் இரண்டு பேரும்தான் அவருடைய புரோகிராமர்கள். வதனிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் பாரிசுக்குப் பக்கத்தில் வளர்ந்து, சுதனைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவள். சுதன் பார்சல் கொண்டுபோகிற வான் ஓட்டினார். வதனி பிரெஞ்சில் எண்ணுவாள், ஆங்கிலத்தில் வேலை செய்வாள், தமிழில் திட்டுவாள். மவுஸைத் தொடுவது அவளுக்கு ஊத்தைத் துணியைத் தொடுவது மாதிரி. மேசையின் ஓரத்துக்கு அதைத் தள்ளி, அதன்மேல் தன் மகள் கீறிய படமொன்றைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

கடைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கிளைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பொருட்களுக்கு, விலைகளுக்கு, ரசீதுக்கு என்று வெங்காயம் உரிப்பது போல உள்ளே உள்ளே போகும். கடைக்காரர் தொலைபேசியில் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கோப்பு வதனியின் திரையில் நிற்கும். அவளுடைய விரல்கள் பெரிதாக அசைவதும் தெரியாது. நான் அப்போது மவுஸோடு ஒவ்வொரு ஃபோல்டரின் முன்னாலும் நின்று கதவு தட்டிக்கொண்டிருப்பேன். கீபோர்டால் போகப் பழகியதில் பாதி அவளைப் பார்த்து, மீதி பொறாமையில்.

ஒரு குளிர்காலத்தில் அவள் ஃபோல்டர்களைத் தாண்டிப் போகத் தொடங்கினாள். நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் கீழே ஓடுவாள், பிறகு ஏறி வருவாள். விசையில் இருந்து விரலை எடுக்கவேண்டிய நேரத்தில் விரல் எழும்பவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. கீபோர்ட் சரியில்லை என்றாள். பாஸ் புதிது வாங்கித் தந்தார். அதுவும் இறுக்கம் என்றாள். இன்னொன்று வந்தது. நான் அவளைச் சீண்டிச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். பிறகு ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை அவள் கையில் இருந்து நழுவி மேசையில் ஊற்றியது. நான் துணி எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்கிற சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது.

"கீபோர்டில ஒண்டும் பிழையில்லையடி," என்றாள். "என்ர விரலிலதான்."

ஆஸ்பத்திரிகளில் அவளுக்கு என்னென்னவோ செய்தார்கள். ஊசி குத்தி நரம்புகளைச் சோதித்தார்கள், பெரிய குழாய்க்குள் படுக்க வைத்தார்கள், பிறகு வரச் சொன்னார்கள், பிறகும் வரச் சொன்னார்கள். இதற்கிடையில் அவளுடைய அம்மா பாரிசில் இருந்து வந்து சேர்ந்தார். வந்தவுடன் வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினோம். ஈஸ்ட் ஹாமில் இருந்து ஈலிங்குக்குப் போவதென்றால் லண்டனை ஒரு கரையில் இருந்து மறு கரைக்குக் கடக்கவேண்டும். அம்மா பூப்பையை மடியில் வைத்தபடி நித்திரையாகிவிட்டார். அவர் நித்திரையாகும்வரை வதனி காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"டொக்டர் சொல்லிப்போட்டார்," என்றாள். "முதல் கை. பிறகு கால். பிறகு கதைக்க ஏலாது. பிறகு மூச்சு."

எதிரே இருந்த கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகங்களும் தெரிந்தன. ரயில் சுரங்கத்தில் இருந்து வெளியே வந்ததும் அவை அழிந்துவிட்டன.

"அழாதை. ஆக்கள் பாக்கினம். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

கோயிலில் அர்ச்சனைத் தட்டை அவளால் பிடிக்க முடியவில்லை. நான் அவள் கைகளுக்குக் கீழே என் கைகளை வைத்துத் தாங்கிக்கொண்டேன். அம்மா மகளுடைய நட்சத்திரத்தை உரத்துச் சொன்னார். ஐயர் பிழையாகக் கேட்டுவிடக்கூடாது என்று திரும்பவும் சொன்னார்.

அதன் பிறகு நாங்கள் விசைகளை மாற்றத் தொடங்கினோம். எடிட்டரில் எந்த விசை எதைச் செய்யவேண்டும் என்பதை நாமே எழுதி வைக்கலாம். வலது கை செய்ததையெல்லாம் இடது கைக்கு மாற்றினேன். இடது கையும் களைத்தபோது, மூன்று விரல்கள் இருக்கும் இடத்துக்கே எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். மேலே ஏறுகிற விசையை ஒருநாள் எடுத்தே விட்டோம். பட்டியலின் அடிக்குப் போனால் மறுபடியும் உச்சிக்கு வருகிற மாதிரி செய்தால் மேலே ஏறத் தேவையில்லை, கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் போதும் என்பது அவளுடைய யோசனை. அவளுடைய மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கடைசிவரை அப்படியே இருந்தது.

படிகளில் ஏறமுடியாமல் போனதும் அவள் வால்தம்ஸ்டோவில் தன் வீட்டில் இருந்தே வேலை செய்தாள். மெதுவாகத்தான். கடைக்காரர்கள் காத்திருக்கத் தயாரில்லை. பாஸ் கெட்டவர் இல்லை என்று இப்போதும் சொல்வேன். அவர் தன்னால் முடிந்தவரை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் ஆப்பிளும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். கோட்டைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தார். காலநிலையைப் பற்றிக் கதைத்தார். சூரிச்சில் பனி விழுவதைப் பற்றிக் கதைத்தார். கடைசியில், "நீர் இனி வீட்டில ஓய்வெடும், தங்கச்சி," என்றார். வதனிக்கு அப்போதே நாக்கு தடிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் குடிக்கவில்லை. படியில் இறங்கும்போது அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பேச்சு போகுமுன் குரலைப் பதிந்து வைக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. அது கொடுக்கிற வாக்கியங்களை வாசித்துப் பதிந்தால், பிறகு நாம் எழுதுகிற எதையும் நம்முடைய குரல் போன்ற ஒன்றில் அது சொல்லும். கண்ணால் பார்த்து எழுதுகிற கருவியும் தந்தார்கள். நல்ல கருவிகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அந்தக் குரலில் வதனி பேசினால், தடிமன் பிடித்து மூக்கடைத்த ஆங்கிலப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தூரத்தில் இருந்து பேசுவது மாதிரி இருக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சுதனும் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர் இல்லை.

அதனால் தமிழை நாங்களே பதிந்தோம். என் தொலைபேசியை அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த குரலில் அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக வெட்டி அவளுடைய மடிக்கணினியில் வைத்தேன். ஃபோல்டர்களை அவளே பிரித்தாள். சாப்பாடு. உடம்பு. ஆஸ்பத்திரி. அம்மா. சுதன். இனியா, அதுதான் மகள். பிறகு கோவம் என்று ஒரு ஃபோல்டர். அதில்தான் ஆக அதிகமாகக் கோப்புகள் இருந்தன. ஒரு கோப்பின் மேல் நின்று விசையைத் தட்டினால் அது ஒலிக்கிற மாதிரிச் செய்துகொடுத்தேன். இதற்கென்று அழகான வேறு மென்பொருள்கள் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கறுப்புத் திரையும் அந்தப் பட்டியலும்தான் அவளுடைய விரல்களுக்குத் தெரிந்த இடம்.

பதியும்போது சிரித்தோம் என்று சொன்னால் நம்புவீர்களா? "முதுகு நோகுது" என்பதை எந்த அளவு நோவோடு சொல்வது என்று விவாதித்தோம். கொஞ்சமாக ஒன்று, கூடுதலாக ஒன்று என்று இரண்டாகப் பதிந்தோம். கோவம் ஃபோல்டருக்காக அவள் சொன்ன சிலவற்றைக் கேட்டு அம்மா அறைக்குள் வந்து, "இதையெல்லாமா பிள்ளை பதியிறது?" என்று கேட்டார். வதனி அதையும் பதியச் சொன்னாள்.

குரல் முற்றாகப் போனபின் அந்த வீட்டில் பேச்சு வேறுவிதமாக நடந்தது. யாராவது ஒன்று சொல்வார்கள். வதனி பதில் சொல்லத் தொடங்குவாள். அதாவது, இருக்கிற ஃபோல்டரில் இருந்து வெளியே வருவாள், கீழே இறங்குவாள், இன்னொன்றுக்குள் நுழைவாள், அதற்குள் இறங்குவாள். திரையில் அந்த வெளிச்சக் கோடு வரிவரியாக நகர்வதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் தன் பதிலை அடைவதற்குள் சுதன் வேறு கதைக்குப் போயிருப்பார். ஒருநாள் விரல் தவறி, பார்க்க வந்த தாதியிடம், கோவம் ஃபோல்டரில் இருந்த ஒன்றைச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அதை நன்றி என்று நினைத்துக்கொண்டு அவள் கையைத் தடவினாள். அன்று வதனியின் கண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அடுத்ததைச் சொல்லாமல் விடலாமா என்று பார்க்கிறேன். விடமுடியாது.

நெஞ்சில் சளி கட்டி அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களில் ஒருநாள், டொக்டர் எங்களையும் வைத்துக்கொண்டு அவளிடம் பேசினார். இன்னும் மூச்சு இறங்கினால் கழுத்தில் துளை போட்டு இயந்திரத்தோடு இணைக்கலாம், இணைத்தால் சில காலம் கூடுதலாக இருக்கலாம், வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. வதனி கண் கருவியில் எழுதினாள். அந்த ஆங்கில டீச்சரின் குரல், வேண்டாம் என்று சொன்னது. சுதன் நிலத்தைப் பார்த்தார். அவர்கள் இருவரும் இதை முன்பே பேசியிருக்கவேண்டும். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், வேண்டாமாம் அம்மா என்று.

"அது மெசின் சொல்லுது," என்றார் அம்மா. "என்ர பிள்ளை சொல்லேல்லை."

சுதன் அவருக்கு விளக்கப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. என் பிள்ளையின் வாயால் கேட்காமல் ஒன்றுக்கும் சம்மதிக்கமாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது வதனி கண்ணால் மடிக்கணினியைக் காட்டினாள். நான் அதைத் திறந்து, விசைகளை அவள் விரலடியில் வைத்தேன். அசைகிற விரல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஆஸ்பத்திரி ஃபோல்டருக்குள் போனாள். கடைசிவரை இறங்கினாள். உச்சிக்கு வந்து மறுபடி இறங்கினாள். இல்லை. வெளியே வந்தாள். அம்மா ஃபோல்டருக்குள் போனாள். அதிலும் இல்லை. சுதன் ஃபோல்டருக்குள் போய் உடனே வெளியே வந்தாள். இனியா ஃபோல்டரின் மேல் கோடு கொஞ்சம் நின்றது. உள்ளே போகவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைப் பதியவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கவில்லை. டொக்டர் மணிக்கூட்டைப் பார்க்காமல் நின்றார். அம்மாவும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோடு சாப்பாடு ஃபோல்டருக்குள் நுழைந்தது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கோப்பைப் பதிந்த அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா வழக்கம் போல வதனியின் தட்டில் கேட்காமலே புட்டை அள்ளி வைக்க வந்தார். அவள் சிரித்துத் தடுத்ததை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். பின்னால் அகப்பை தட்டுகிற சத்தமும் இருக்கிறது.

"எனக்குக் காணும் அம்மா. இனி வைக்காதேங்கோ."

அந்த அறையில் வதனியின் குரலைக் கேட்டு அதிக நாளாகியிருந்தது. சிரிப்போடு, வாய் நிறையச் சாப்பாட்டோடு அது வந்தது. விரலை அவள் எடுக்கவில்லை, அல்லது எடுக்க முடியவில்லை. அது மறுபடியும் ஒலித்தது. அம்மா கட்டில் கம்பியை விட்டார். மகளின் நெற்றியில் கையை வைத்து, "சரி பிள்ளை, வைக்கேல்லை," என்றார். "இனி அம்மா வைக்கேல்லை."

என்ன சொன்னாள் என்று டொக்டர் கேட்டார். தனக்குப் போதுமாம் என்று சுதன் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போனார். போன மனிதர் நெடுநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. கடைசியில் மோர்பீன் கொடுத்து அமைதியாக வைத்திருந்தார்கள் என்பதுதான் ஒரே ஆறுதல். செத்தவீட்டுக்குக் கடைக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். கத்தரிக்காய்க்காகக் கத்தியவரும் வந்து, கடைசி வரிசையில் இருந்து விக்கி விக்கி அழுதார். தன்னை ஒருதரமும் காக்க வைக்காத பிள்ளை என்று எல்லாருக்கும் சொன்னார். அம்மா பாரிசுக்குத் திரும்பிப்போய், அடுத்த குளிர் முடியுமுன் அவரும் கண்ணை மூடிவிட்டார். பாஸ் மென்பொருளைப் பெரிய கம்பனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் எங்கள் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். எங்களுக்குக் கீழே இருந்த கடை இப்போது நகம் அழகுபடுத்துகிற இடம். அந்தத் தெருவில் ரோல்ஸ் மணப்பதில்லை.

இந்த வருடம் பள்ளி விடுமுறையில் இனியா என்னிடம் வந்தாள். தாயை விட உயரமாகிவிட்டாள். முழுக்க முழுக்க ஆங்கிலம்தான், இடையில் என்னைக் கூப்பிடுகிற 'ஆன்ரி' மட்டும் தமிழ்ப் பிள்ளை என்று சொல்லும். அப்பா அந்தக் கோப்புகளைத் திறப்பதே இல்லை, உங்களிடம் இருந்தால் கேட்கலாமா என்றாள். நான் என்னிடம் இருந்த பிரதியைத் திறந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணி வேணும். லைட்டை நூருங்கோ. முதுகு நோகுது. தலாணியை உயர்த்துங்கோ. சிலவற்றுக்கு அர்த்தம் கேட்டாள், நூருங்கோ என்றால் அணையுங்கோ என்று சொன்னேன். தன் பெயர் வருகிற ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. "இனியா, சப்பாத்தைப் போடு. நேரமாச்சு." காலணி போடச் சொல்வது, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கொஞ்சுகிற எதையும் நாங்கள் பதிந்திருக்கவில்லை. அதைப் பதிய அழைத்தபோதெல்லாம் வதனிக்கு அழுகை வந்து குரல் உடைந்துவிடும், நாளைக்குப் பார்ப்போம் என்பாள். நாளைக்கும் அதையே சொல்வாள்.

இனியா அந்தச் சப்பாத்து வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் தன் தொலைபேசிக்கு மாற்றிக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

அவள் போனபின் நான் தனியே இருந்து ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்கினேன். எனக்கென்று ஒரு ஃபோல்டர் இல்லை. எப்படி இருக்கும்? பதியும்போதெல்லாம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவள் நான். அவளுக்கு என்னைக் கூப்பிடத் தேவை இருக்கவில்லை. என் பெயரை வதனி முழுதாகச் சொல்லமாட்டாள். பின்பாதியை விழுங்கி, முன்பாதியைக் கொஞ்சம் இழுத்து, மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கூப்பிடுவாள். அந்த இழுப்பை இப்போது என்னால் செய்து பார்க்க முடிகிறது. ஆனால் கேட்பது என் குரலாகத்தான் இருக்கிறது.